புகைபட்ட நுரையீரலும் ஹீம் ஆக்ஸிஜனேஸும்

ஹீம் ஆக்ஸிஜனேஸ்-1 என்று ஒரு நொதி. நெருக்கடி வந்தால் செல்கள் அவசரமாக உற்பத்தி செய்துகொள்ளும் புரதங்களில் ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்விதழ்களில் இதற்கு நற்பெயர் சேர்ந்துவந்திருக்கிறது. அந்த நற்பெயருக்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. புகை, தூசு, கிருமி என எது தாக்கினாலும் நுரையீரல் செல் இந்த நொதியைக் கூட்டிக்கொள்கிறது. கூடிய நொதி செல்லின் ஆற்றல் உற்பத்தியைக் காப்பாற்றுகிறது. ஆகவே மருந்தாலோ உணவாலோ இதை மேலும் கூட்டினால் நுரையீரல் நோயைத் தடுக்கலாம். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் மூன்றுக்கும் ஒரே அளவு ஆதாரம் இருப்பதாகத் தோன்றுகிறது. அப்படி இல்லை என்பதே என் வாதம். ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

வருசநாட்டை மனதில் வைத்துத்தான் இதைச் செய்கிறேன். மூல வைகை பிறக்கும் மலைகளுக்குக் கீழே, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, தங்கம்மாள்புரம், வருசநாடு என்று நீளும் அந்தப் பள்ளத்தாக்கில் நுரையீரலைச் சோதிக்கும் காரணங்கள் பல ஒன்றாகக் கூடுகின்றன. காட்டோரம் பொறுக்கிய சுள்ளியும் தோட்டத்துக் கழிவும் எரியும் அடுப்புகள் இன்னும் உண்டு. கேஸ் இணைப்பு வந்த வீட்டிலும் சிலிண்டர் தீர்ந்தால் விறகுதான். வெந்நீர் வைப்பதும் விறகில்தான். இலவங்காய் முற்றும் பருவத்தில் காயை உடைத்துப் பஞ்செடுக்கும் வேலையில் மூக்கும் தொண்டையும் தூசால் நிறையும். அந்தப் பஞ்சு போடிக்குப் போய் மெத்தையாகிறது, தலையணையாகிறது. இலவம் பஞ்சுத் தொழிலாளரின் உடல்நலத்தை இலங்கையில் சி. ஜி. உரகொட 1977-லேயே ஆராய்ந்து எழுதினார். நம் பக்கத்தில் பஞ்சின் விலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதை எடுக்கும் பெண்களின் மூச்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இவற்றோடு காசநோயும் சேர்கிறது. இருமல் நிற்கவில்லை என்றால் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறார்கள். நாள்பட்ட நெஞ்சு நோய்க்கு மதுரைப் பக்கம் தோப்பூர் மருத்துவமனை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து “மேடு ஏறினா மூச்சு வாங்குது” என்று சொல்லும் பெண்ணுக்கு ஒரு நொதியின் பெயரால் நம்பிக்கை கொடுக்கப்படுமானால், அந்த நம்பிக்கைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

முதலில் நொதியின் வேலை. ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுப்பது ஹீம். இரும்பணுவை நடுவில் பிடித்துவைத்திருக்கும் வளையம். அந்த வளையத்தை உடைக்கும் நொதியை 1968-ல் டென்ஹூனன், மார்வர், ஷ்மிட் மூவரும் விவரித்தார்கள். உடைத்தால் மூன்று பொருள்கள் வரும்: பச்சை நிற பிலிவெர்டின், கார்பன் மோனாக்ஸைடு, தனி இரும்பு. பிலிவெர்டின் அடுத்த கட்டத்தில் பிலிருபினாகிறது. மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் அதே பிலிருபின்தான். அளவோடு இருந்தால் ஆக்ஸிஜனேற்றச் சேதத்தைத் தணிக்கும். இருபது ஆண்டுகள் இந்த நொதி ஈரல், மண்ணீரல் சம்பந்தப்பட்ட ஒரு துப்புரவுப் புரதமாகவே பார்க்கப்பட்டது. 1989-ல் கீஸும் டிரெலும் மனிதத் தோல் செல்கள் மீது புற ஊதா ஒளியையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் சோடியம் ஆர்சனைட்டையும் செலுத்தியபோது எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரே புரதம் எழுவதைக் கண்டு, அது ஹீம் ஆக்ஸிஜனேஸ்தான் என்று நிறுவினார்கள். நெருக்கடிக்கு எழும் நொதி என்ற அடையாளம் அங்கிருந்து வந்தது.

நுரையீரலிலும் அது எழுகிறதா என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சிகரெட் புகை, டீசல் துகள், நகரக் காற்றின் நுண்துகள், கிருமி எல்லாமே இதை எழுப்புகின்றன. லாஸ் ஏஞ்சலஸில் ஆந்த்ரே நெல் குழுவினர் காற்றுத் துகள்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஒரு படிவரிசையே கிடைத்தது. சேதம் குறைவாக இருக்கும்போது முதலில் எழுவது ஹீம் ஆக்ஸிஜனேஸ் போன்ற காப்பு நொதிகள். சேதம் கூடினால் அழற்சி. இன்னும் கூடினால் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியா பழுதாகிச் செல் மடியும். ஆக முதல் கூற்று உறுதியானது. நொதி எழுந்திருக்கிறது என்றால் அந்தச் செல் ஏதோ ஒன்றால் தாக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அது தாக்குதலுக்குச் சான்று. செல் தப்பித்துவிட்டது என்பதற்கு அதே சான்று போதாது. இந்த இடத்திலேயே பல கட்டுரைகள் வழுக்கிவிடுகின்றன.

இரண்டாவது கூற்றுதான் சிக்கலானது. இங்கே நிதானமாகப் போக வேண்டும்.

நுரையீரல் செல்லுக்கு ஆற்றல் எதற்கு? சும்மா விரிந்து சுருங்கும் பை அல்ல அது. மூச்சுக்குழாயின் உட்பரப்பில் இருக்கும் நுண்மயிர்கள் சளியையும் தூசையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு அசைவுக்கும் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி வேண்டும். காற்றறைகளில் உள்ள இரண்டாம் வகைச் செல்கள் அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பூச்சுப்பொருளைச் சுரக்கின்றன; அதற்கும் ஏடிபி வேண்டும். கிருமியை விழுங்கும் மாக்ரோஃபேஜ் செல்லின் சண்டைக்கும் அதே செலவுதான். இந்த ஏடிபியின் பெரும்பகுதியை மைட்டோகாண்ட்ரியா செய்கிறது. அங்கே எலக்ட்ரான்களைக் கைமாற்றும் சங்கிலியில் முக்கியமான கண்ணிகள் ஹீம் இல்லாமல் இயங்காதவை. சங்கிலியின் கடைசி நொதியான சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸுக்குள் இரண்டு ஹீம்கள் உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது சிக்கல் புரியும். ஹீமை உடைப்பதே தொழிலாகக் கொண்ட ஒரு நொதி, ஹீமை நம்பியிருக்கும் ஆற்றல் கூடத்தைக் காப்பாற்றும் என்கிறோம். மேலும் அது வெளியிடும் கார்பன் மோனாக்ஸைடு அந்தக் கடைசி நொதியின் ஹீமில்தான் போய் ஒட்டும். வெளியிடும் இரும்பு, ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் புரதத்துக்குள் அடங்கினால் சரி. அடங்காவிட்டால் பெராக்ஸைடோடு சேர்ந்து சேதத்தைப் பெருக்கும். காக்கும் வழியும் கெடுக்கும் வழியும் ஒரே வினையிலிருந்து பிரிகின்றன. எந்த வழி எப்போது வெல்லும் என்பதற்கு ஆதாரம் கேட்பது நியாயம்.

காக்கும் பக்கத்து ஆதாரம் சாதாரணமானது அல்ல. 1999-ல் ஓட்டர்பெயின் குழுவினர் இந்த நொதியின் மரபணுவை எலிகளின் நுரையீரலுக்குள் செலுத்தி, மிகுந்த ஆக்ஸிஜனால் வரும் சேதத்திலிருந்து அவை காக்கப்படுவதைக் காட்டினார்கள். நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 2007-ல் ஸ்லெபோஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது. சிகரெட் புகைச்சாறு பட்ட, நுரையீரலின் உட்பரப்பை மூடும் மேலணிச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் சரிந்தது, ஏடிபி குறைந்தது, செல்கள் மடிந்தன. நொதியோ மைட்டோகாண்ட்ரியாவுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. அதை மிகையாக உற்பத்தி செய்யவைத்த செல்களில் ஏடிபி அந்த அளவுக்குக் குறையவில்லை, சாவும் குறைந்தது. 2012-ல் மக்கார்வி குழுவினர் கடும் பாக்டீரியத் தொற்றில் சாகவிருந்த எலிகள் குறைந்த அளவு கார்பன் மோனாக்ஸைடால் பிழைத்ததையும், இந்த நொதியின் வழியாகப் புதிய மைட்டோகாண்ட்ரியா உருவாவதே அதற்குக் காரணம் என்பதையும் காட்டினார்கள்.

நொதியே இல்லாமல் பிறந்தவர்களும் உண்டு. உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். முதல் நோயாளி ஆறு வயது ஜப்பானியச் சிறுவன். 1999-ல் யாச்சி குழுவினர் அறிவித்தார்கள். ரத்தச் சோகை, ரத்தக்குழாய்ச் சுவர்களில் சேதம், உறுப்புகளில் இரும்புப் படிவு. 2011-ல் இந்தியாவிலிருந்து ஒரு சிறுமியின் நேர்வு வெளியானது. ரத்தச் சிதைவு, சிறுநீரக அழற்சி, மண்ணீரல் இல்லாமை. இந்த நேர்வுகள் நொதி வேண்டும் என்பதை ஐயமின்றி நிறுவுகின்றன. ஆனால் நொதி இல்லாவிட்டால் கேடு என்பதிலிருந்து நொதி கூடினால் நல்லது என்பதற்குத் தாவ முடியாது. இரும்புச்சத்தும் அப்படித்தான், தைராய்டு சுரப்பும் அப்படித்தான்.

இனி காக்கும் பக்கத்து ஆதாரத்தின் குறைகள். முதலாவது, எந்தச் செல்லில் பார்த்தோம் என்பது. நுரையீரல் செல் என்று ஆய்வுக் கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் ஏ549. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருவரின் நுரையீரல் புற்றுக் கட்டியிலிருந்து எடுத்து இன்றுவரை வளர்த்துவரும் செல்வரிசை. நெருக்கடி நொதிகளை எழுப்பும் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை அடக்கிவைப்பது கீப்1 என்ற இன்னொரு புரதம். ஏ549 செல்லில் கீப்1 பழுது என்று 2006-ல் ஷியாம் பிஸ்வால் குழுவினர் காட்டினார்கள். அதாவது நெருக்கடிக்குப் பதில்சொல்லும் ஏற்பாடே ஏற்கெனவே கோணலாகிப்போன செல். அதை வைத்துக்கொண்டு நெருக்கடி நொதியின் விளைவை அளந்தால், விடை புற்றுச் செல்லைப் பற்றியதா நுரையீரலைப் பற்றியதா என்று பிரிக்க முடியாது. இன்னொரு பிரபலமான வரிசையான பியாஸ்-2பி, வைரஸ் மரபணு செலுத்திச் சாகாவரம் கொடுக்கப்பட்டது. இவற்றைப் பயன்படுத்தியதற்காக யாரையும் குறைசொல்லவில்லை. வேறு வசதி இல்லாத காலம் அது. ஆனால் அந்தச் செல் சொன்னதை வருசநாட்டுப் பெண்ணின் காற்றறை சொன்னதாக எழுதக் கூடாது.

இரண்டாவது, அந்தச் செல் எதைத் தின்று வளர்கிறது என்பது. ஆற்றல் வளர்சிதை மாற்றத்தை அளக்கும் ஆய்வில் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. மிக அரிதாகக் கேட்கப்படுவதும் இதுதான். வழக்கமான வளர்ப்பு ஊடகங்களில் ஒன்றில் குளுக்கோஸ் அளவு டெசிலிட்டருக்கு 450 மில்லிகிராம். சுகர் டெஸ்ட் எடுத்த எவருக்கும் அந்த எண்ணின் பொருள் தெரியும். அவ்வளவு சர்க்கரையில் மிதக்கும் செல், மைட்டோகாண்ட்ரியாவைப் பெரிதாக நம்பாமல் சர்க்கரையை நேராகப் பிளந்தே பிழைத்துக்கொள்ளும். மைட்டோகாண்ட்ரியாவில் அடி விழுந்தாலும் ஏடிபி அளவு அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. எனவே ஏடிபி குறையவில்லை என்ற ஒற்றை முடிவைக் கண்டால், ஆக்ஸிஜன் நுகர்வை அளந்தார்களா, எந்தச் சர்க்கரை அளவில் அளந்தார்கள் என்று கேட்காமல் நான் அதை ஏற்பதில்லை.

மூன்றாவது, காலம். எனக்கு இதுவே மிகப் பெரிய குறையாகப் படுகிறது. புகைச்சாறு ஆய்வுகள் மணிக்கணக்கில் முடிந்துவிடுகின்றன. விறகடுப்பு காலையும் மாலையும் எரிகிறது, பதினைந்து வயதில் தொடங்கி அறுபது வரை. வைகையில் வெள்ளம் வரும்போது அணையின் மதகைத் திறப்பது அணையைக் காக்கும். ஆண்டு முழுக்கத் திறந்தே வைத்தால் பாசனத்துக்கு நீர் மிஞ்சாது. நெருக்கடி நொதியின் சில மணிநேர நன்மையிலிருந்து நாற்பது ஆண்டு நன்மையை ஊகிக்க வழியில்லை. நோயாளிகளின் நுரையீரலில் பார்த்தவர்கள் கண்டதும் அதையே உணர்த்துகிறது. மேஸ்ட்ரெல்லி குழுவினர் 2001-ல் புகைப்பவர்களின் காற்றறைகளில் இந்த நொதி கூடியிருப்பதைக் கண்டார்கள். 2003-ல் கடுமையான நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம் பார்த்தபோது அது குறைந்திருந்தது. முதலில் எழுகிறது, பின்னர் ஓய்ந்துபோகிறது. ஓய்ந்ததால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் ஓய்ந்ததா? ஒரே ஒரு நேரத்தில் எடுத்த திசுத் துண்டு இதற்குப் பதில் சொல்லாது.

எதிர்ப்பக்கச் சான்றுகளும் வலுவானவை. 2014-ல் பன்சால், அவதானி குழுவினர் இந்த நொதியின் முன்முனையை வெட்டி மைட்டோகாண்ட்ரியாவுக்கே போகும்படி செய்தார்கள். அங்கே ஹீம் குறைந்தது, சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸின் வேகம் சரிந்தது, ஆக்ஸிஜனேற்றச் சேதம் கூடியது. ஸ்லெபோஸ் குழுவினர் கண்டதற்கு நேர் எதிர். இரண்டையும் எப்படிப் பொருத்துவது? பன்சால் குழுவினர் பார்த்தது மாக்ரோஃபேஜும் சிறுநீரகச் செல்லும். நுரையீரல் மேலணி அல்ல. வெட்டப்பட்ட வடிவத்தை அளவுக்கு மிஞ்சித் திணித்த ஆய்வு அது. ஆகவே ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்கவில்லை. ஆனால் நொதி செல்லின் எந்த இடத்தில், எந்த வடிவத்தில், எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாக முடியும் என்பதை இரண்டும் சேர்ந்து காட்டுகின்றன. அதே 2014-ல் ஆஸ்திரிய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஈரல் செல்களிலும் மாக்ரோஃபேஜ்களிலும் இந்த நொதியை நீக்கிய எலிகள் கொழுப்புணவு தின்றும் இன்சுலின் தடையிலிருந்து பெரிதும் தப்பித்ததைக் காட்டினார்கள். காப்பதாகப் பெயரெடுத்த நொதியே அங்கே அழற்சியைத் தூண்டுவதாக நின்றது.

இரும்பின் கணக்கு இன்னும் கவலை தருவது. 2016-ல் க்ளூனன் குழுவினர், சிகரெட் புகைபட்ட எலிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் சேரும் இரும்பைக் கட்டிப்போடும் மருந்தால் மூச்சுக்குழாய் அழற்சியும் காற்றறைச் சிதைவும் குறைவதைக் காட்டினார்கள். 2019-ல் யோஷிதா குழுவினர், புகைபட்ட மேலணிச் செல்கள் இரும்பால் தூண்டப்படும் ஒருவகைச் சாவைச் சந்திப்பதாகவும், நாள்பட்ட அடைப்பு நோயில் அதற்குப் பங்கு இருப்பதாகவும் எழுதினார்கள். இரும்பே வினையாக நிற்கும் நுரையீரலில், இரும்பை விடுவிக்கும் நொதியைக் கூட்டச் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டாமா?

ஆக இரண்டாவது கூற்றை நிபந்தனையோடு மட்டுமே ஏற்கலாம். தாக்குதல் கடுமையாகவும் குறுகியதாகவும் இருந்து, விடுபடும் இரும்பை அடக்கச் செல்லுக்குத் திராணி இருந்தால் இந்த நொதி ஆற்றல் உற்பத்தியைக் காக்கிறது. தாக்குதல் நாள்பட்டதானால் அதே நொதி என்ன செய்கிறது என்பதற்கு நேரடியான மனித ஆதாரம் இல்லை. விலங்குகளிலும் செல்களிலும் கிடைப்பது முரண்பட்ட ஆதாரம்.

இந்த நொதியைப் பற்றி நம் மண்ணிலிருந்து வந்த மிக முக்கியமான பங்களிப்பு காசநோய் சார்ந்தது. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-ல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. சானடோரியத்தில் படுக்கவைத்து ஊட்டமாகச் சாப்பிடக் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பியிருந்த நாளில், வீட்டிலேயே மாத்திரை கொடுத்தவர்களையும் சானடோரியத்தில் சேர்த்தவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டு, பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959-ல் அறிவித்தது அந்த மையம். பிறகுதான் உலகம் முழுக்க வீட்டுச் சிகிச்சை பரவியது. நியாயமாகத் தோன்றும் ஒன்றைச் சோதிக்காமல் ஏற்கக் கூடாது என்பதற்கு நம் வீட்டிலேயே இருக்கும் பெரிய முன்னுதாரணம் இது. அதனால்தான் நொதியைப் பற்றி அங்கிருந்து வந்த முடிவைக் கூடுதல் மதிப்போடு பார்க்கிறேன்.

2013-ல் அந்த நிறுவனத்தில் சுபாஷ் பாபுவும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் புருனோ ஆந்த்ராடே, ஆலன் ஷெர் உள்ளிட்டோரும் தென்னிந்திய நோயாளிகளின் ரத்தத்தில் ஹீம் ஆக்ஸிஜனேஸ்-1 அளவைப் பார்த்தார்கள். நோய் தீவிரமாக இருப்பவர்களிடம் அது மிகுதியாக இருந்தது. கிருமி உறங்கிக்கிடப்பவர்களிடமும் நலமாக இருப்பவர்களிடமும் குறைவு. சிகிச்சை முடிந்து குணமானவர்களிடம் இறங்கிவிட்டது. எளிய, தெளிவான, மருத்துவமனைக்குப் பயன்படக்கூடிய முடிவு. 2015-ல் இதே கூட்டு இன்னொன்றையும் சொன்னது: நோயாளிகள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சிலரிடம் இந்த நொதி மிகுந்திருக்கிறது. சிலரிடம் திசுவை அரிக்கும் வேறொரு நொதி மிகுந்திருக்கிறது. ஒன்று ஓங்கும்போது மற்றது தாழ்கிறது. ஒரே நோய் என்று நாம் மாத்திரை கொடுப்பதற்குள் இரண்டு வேறு உடல்நிலைகள் இருக்கலாம் என்பது யோசிக்கவைக்கும் செய்தி.

ஆனால் ரத்தத்தில் நொதி கூடியிருப்பது உடலுக்கு நல்லதா, கிருமிக்கு நல்லதா? 2008-ல் இரண்டு குழுவினர் தனித்தனியே ஒரே விடையைக் கண்டார்கள்: மாக்ரோஃபேஜ் வெளியிடும் கார்பன் மோனாக்ஸைடைக் காசநோய்க் கிருமி உணர்கிறது, உணர்ந்து உறங்கும் மரபணுத் தொகுதியை இயக்கிக்கொள்கிறது. உறங்கும் கிருமிதான் மருந்துக்குப் பிடிபடாதது. 2018-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த ஆய்வு, காசநோய்க் கிருமி மனித மாக்ரோஃபேஜின் ஆற்றல் உற்பத்தியையே மந்தமாக்கிவிடுகிறது என்றது; சர்க்கரை பிளப்பும் மைட்டோகாண்ட்ரியா வேலையும் இரண்டுமே தளர்ந்தன. 2016-ல் கோஸ்டா, ஷெர் குழுவினர் எலிகளில் இந்த நொதியைத் தடுக்கும் தகரம் கலந்த மருந்தைக் கொடுத்தபோது கிருமி குறைந்தது, கூடவில்லை. நொதி முழுக்கவே இல்லாத எலிகளோ வேறு மைக்கோபாக்டீரியத் தொற்றுகளில் திண்டாடின. இவற்றை வைத்துப் பார்த்தால் காசநோயில் நொதியைக் கூட்டுவது என்ற யோசனை ஆபத்தாகக்கூட முடியலாம். நோயின் அளவுகோலாக இது தேறுகிறது. சிகிச்சை இலக்காக, கூட்டுவதா குறைப்பதா என்ற திசைகூட உறுதியாகவில்லை.

இனி மூன்றாவது கூற்று. இங்கே சோதனை நடந்திருக்கிறது, விடையும் வந்திருக்கிறது. என்ஆர்எஃப்2 வழியாக இந்த நொதியை எழுப்பும் சல்ஃபோராஃபேன், புரோக்கோலியிலிருந்து வருவது. 2016-ல் வைஸ் குழுவினர் நாள்பட்ட அடைப்பு நோயுள்ள 89 பேரில் சிலருக்கு அதை இரண்டு வேறு அளவுகளிலும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையையும் நான்கு வாரம் கொடுத்து, அவர்கள் நுரையீரலிலிருந்தே செல்களை எடுத்துப் பார்த்தார்கள். நொதி எழவே இல்லை. செல்வரிசையில் அவ்வளவு அழகாக வேலை செய்த பொருள்! நொதியின் விளைபொருளான கார்பன் மோனாக்ஸைடையே நேரடியாகக் கொடுத்தும் பார்த்தார்கள். 2007-ல் பாத்தூர்ன் குழுவினர் அடைப்பு நோயாளிகள் சிலருக்குக் கொடுத்த சிறு சோதனையில் சளியில் அழற்சி சற்றுக் குறையும் போக்கு தெரிந்தது. அதே கட்டத்தில் இருவருக்கு நோய் திடீரென மோசமானது. 2018-ல் நுரையீரல் தழும்பு நோயாளிகள் 58 பேரிடம் பன்னிரண்டு வாரம் நடந்த சோதனையில் பலன் தெரியவில்லை.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மஞ்சளில் உள்ள குர்குமின் ரத்தக்குழாய்ச் செல்களில் இந்த நொதியை எழுப்புகிறது என்று 2000-ல் மோட்டர்லினி குழுவினர் காட்டியது உண்மை. ஆனால் சாப்பிட்ட குர்குமினில் மிகச் சிறு பங்கே ரத்தத்தில் சேருகிறது. சேர்ந்ததும் ஈரல் அதை விரைவில் மாற்றிவிடுகிறது. சல்ஃபோராஃபேனே நுரையீரலில் நொதியை எழுப்பாத நிலையில், குர்குமின் எழுப்பிவிட்டது என்று யாராவது சொன்னால், நுரையீரல் செல்லை எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்பேன். மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். விறகுப்புகைக்கு மாற்றாக ஒரு டப்பா மாத்திரையை விற்பதை ஏற்க முடியாது.

புகையின் விளைவைப் பற்றிய களச் சான்றுகளையும் இதே கண்டிப்போடுதான் பார்க்க வேண்டும். நமக்குப் பிடித்த பக்கம் என்பதற்காகச் சலுகை கொடுக்கக் கூடாது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் உள்ளிட்ட குழுவினர் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். நாள்பட்ட அடைப்பு நோய் 2.44 விழுக்காடு. விறகு, வறட்டி எரிப்பவர்களிடம் 2.5, சுத்த எரிபொருள் பயன்படுத்துபவர்களிடம் 2. இந்த வித்தியாசம் புள்ளியியல் கண்ணுக்கு நிற்காது. அடுப்பங்கரையில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் இருப்பவர்களிடம் 3 ஆனது என்பது ஒரு குறிப்பு, அவ்வளவே. பின்னர் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவையும் சேர்த்து, சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் பெரிய சோதனை நடந்தது. ஒரு பாதியினருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள்; சுவாசித்த நுண்துகளின் அளவு மற்றப் பாதியினரிடம் கனமீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராமாக இருந்தபோது இவர்களிடம் 24 ஆகவே இருந்தது. ஆனால் குழந்தையின் பிறப்பு எடையில் வித்தியாசம் இல்லை என்று 2022-லும், குழந்தைகளின் நிமோனியாவில் தெளிவான குறைவு இல்லை என்று 2024-லும் அறிவித்தார்கள். கேஸ் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. கர்ப்ப காலத்தில் தொடங்கிய மாற்றம் அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் சுவாசித்த புகைக்குப் பதில் சொல்ல முடியாது, தாயின் நுரையீரல் அந்தச் சோதனையின் முதன்மைக் கேள்வியாகவும் இருக்கவில்லை. ஆனாலும் புகை குறைந்தது என்ற நேரடியான, பெரிய மாற்றமே எதிர்பார்த்த விளைவைத் தரவில்லை என்றால், செல்லுக்குள் ஒரு நொதியை அசைப்பதால் நோய் குறையும் என்று சொல்பவர்களுக்கு இன்னும் எவ்வளவு சான்று தேவைப்படும்?

என் தீர்ப்பு இது. ஹீம் ஆக்ஸிஜனேஸ்-1 நெருக்கடியைக் காட்டும் அளவுகோலாகத் தேறுகிறது. காசநோயில் அந்தத் தகுதி சென்னையிலேயே நிறுவப்பட்டிருக்கிறது. நுரையீரல் செல்லின் ஆற்றலைக் காப்பது என்ற புகழ் குறுகிய காலத் தாக்குதலுக்கு மட்டும் பொருந்தும். அதைக் கூட்டி நாள்பட்ட நுரையீரல் நோயைத் தடுக்கலாம் என்ற கூற்று தள்ளுபடி. மனிதர்களிடம் சோதித்துத் தோற்ற கூற்று அது. இரும்பின் கணக்கையும் காசநோயையும் பார்த்தால் தீங்காகவும் முடியக்கூடியது. விறகுப்புகை மிகுந்து, காசநோயும் உலவும் ஒரு பள்ளத்தாக்கில் தீங்கு பற்றிய இந்த அச்சம் இன்னும் கனமானது. புகைக்கு எதிராக எது நல்லதோ அது கிருமிக்கும் நல்லதாக இருந்துவிடக் கூடும்.

இந்தத் தீர்ப்பை மாற்றக்கூடிய ஆய்வு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும். அதற்கு ஆகாயக் கோட்டை தேவையில்லை. வருசநாட்டிலும் கடமலைக்குண்டிலும் விறகில் சமைக்கும் பெண்கள், கேஸுக்கு முழுதாக மாறியவர்கள், இலவம் பஞ்சு எடுப்பவர்கள் என மூன்று கூட்டத்தாரை எடுத்துக்கொள்ளலாம். மூக்கின் உட்புறத்தை மெல்லிய தூரிகையால் தடவி எடுக்கும் மேலணிச் செல்களில் நொதியின் அளவையும் இரும்பின் இருப்பையும் பார்க்க வேண்டும். ரத்தச் சர்க்கரைக்குச் சமமான ஊடகத்தில் வைத்து ஆக்ஸிஜன் நுகர்வை அளக்க வேண்டும். கூடவே ஊதிக்காட்டும் ஸ்பைரோமெட்ரி, காசநோய்ப் பரிசோதனை, உடலோடு கட்டிவைத்த கருவியால் அவர்கள் சுவாசிக்கும் நுண்துகள் அளவு. எல்லாவற்றையும் ஒருமுறையோடு விடாமல் ஐந்து ஆண்டுகள் தொடர வேண்டும், கேஸுக்கு மாறுகிறவர்களிடம் மாறுவதற்கு முன்னும் பின்னும். க.விலக்கில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் இதற்கான ஆய்வுக்கூடமும் அனுபவமும் இருக்கின்றன. நொதி உயர்ந்தே நிற்கும் பெண்களுக்கு மூச்சுத்திறன் குறைவாகச் சரிகிறதா, அதிகமாகச் சரிகிறதா என்ற ஒரே எண் போதும். குறைவாகச் சரிந்தால் மூன்றாவது கூற்றை மறுபடி எடுத்துப் பார்க்க நான் தயார். அதுவரை அந்தப் பெண்களுக்குத் தேவை மாதம் தவறாமல் நிரப்பிக்கொள்ளக் கட்டுப்படியாகும் சிலிண்டரும், பஞ்சுக்காலத்தில் வாயும் மூக்கும் மறைக்கும் நல்ல முகக்கவசமும், இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அருகிலேயே எடுத்துப் பார்க்கும் சளிப் பரிசோதனையும்.